சுகர் ஏறினால் ஊசி கோர்க்க முடிகிறது, இன்சுலின் போட்டால் மங்குகிறது: ஏன்?

வாசகர் கேள்விக்குக் கண் மருத்துவரின் பதில்

தண்டையார்பேட்டையிலிருந்து 58 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். 12 வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஐந்து மாதத்துக்கு முன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் வலது கண்ணுக்குப் புரை அறுவை செய்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். கட்டுப் பிரித்த அன்றைக்கே சுவரில் தொங்கிய தினக்காலண்டரில் தேதி மட்டுமில்லை, கீழே பொடி எழுத்தில் இருந்த ராகுகாலமும் தெரிந்ததாம். இரண்டாவது வாரமே கடைக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 10.4 சதவீதம் என்று வந்ததால் சர்க்கரை மருத்துவர் இன்சுலின் தொடங்கினார். பத்து நாளில் பார்வை குழம்பிப்போய், ஊசியில் நூல் கோர்க்கவே முடியவில்லை. "இன்சுலின் போட்டா கண்ணு போயிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னதை நம்பி ஊசியை நிறுத்திவிட்டார். சில வாரத்தில் மறுபடி நூல் கோர்க்க முடிந்தது. ஆனால் இப்போது வெறும் வயிற்றில் சர்க்கரை 260. கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியும் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. கண் உறுத்தினால், அறுவை முடிந்தபோது எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தையே பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி விட்டுக்கொள்கிறார். பக்கத்து வீட்டு அம்மா தேன் விடச் சொல்கிறார். மகன், டாக்டர் மேல் கேஸ் போடலாம் என்கிறார். வைத்த லென்ஸ் நகர்ந்துவிட்டதா, இடது கண்ணுக்கும் அறுவை செய்யலாமா, இனிமேல் தைக்க முடியுமா என்பதுதான் வாசகியின் கேள்வி.

கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, போகிறபோக்கில் ஒரு வரி: "வலது கண்ணால மட்டும் பார்த்தா நேர் தையல்கூடக் கொஞ்சம் நெளியிற மாதிரி இருக்கு, நடுவுல புகை மாதிரி."

அம்மா, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும் சாவகாசமாகப் பேசலாம். இதை மட்டும் இந்த வாரத்துக்குள் பார்த்தாக வேண்டும்.

நேர்க்கோடு நெளிவது

நேராக இருக்கும் கோடு நெளிந்து தெரிவதும், பார்வையின் நடுவில் மட்டும் புகைபோல மறைப்பதும் கண்ணாடி பவரால் வருகிற தொந்தரவு மாதிரி இல்லை. கண்ணின் பின்புறத்தில் விழித்திரை என்ற மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் நட்ட நடுப்பகுதியால்தான் நாம் எழுத்தையும், முகத்தையும், ஊசிக் காதையும் பார்க்கிறோம். அந்த இடத்தில் நீர் கோத்துக்கொண்டால், ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உப்பிக்கொள்வது போல அது உப்பிவிடும். அப்போது நேர்க்கோடு வளைந்து தெரியும்.

புரை அறுவைக்குப் பிறகு சிலருக்கு இந்த வீக்கம் வரும். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் தலைகாட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். அறுவையே இல்லாமல், சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்தும் இதே இடம் வீங்கலாம். உங்களுக்கு இரண்டில் எது, அல்லது இரண்டுமா, அல்லது இரண்டுமே இல்லையா என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. கண்மணியை விரிக்கச் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். ஓசிடி என்ற ஸ்கேன் எடுக்க வேண்டும். ஊசி, வலி எதுவும் கிடையாது. மோவாயை வைத்துக்கொண்டு ஒரு புள்ளியைப் பார்த்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். எத்தனை மைக்ரான் வீக்கம் என்பதுவரை அதில் தெரியும்.

வீக்கம் இருந்தாலும் வைத்தியம் இருக்கிறது. லேசாக இருந்தால் சொட்டு மருந்திலேயே வடியலாம். சர்க்கரையால் வந்த வீக்கமாக இருந்து பார்வையையும் பாதித்தால், கண்ணுக்குள் ஊசி போட வேண்டியிருக்கும். கேட்டதும் வயிற்றைக் கலக்கும், எனக்குத் தெரியும். மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் போடுவார்கள், ஊசி போடும் வேலை ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. பெரும்பாலும் ஒரு ஊசியோடு நிற்காது, மாதம் ஒன்றாகச் சில மாதம் போட வேண்டிவரும். பயந்துகொண்டு தள்ளிப்போட்டால், நாள்பட்ட வீக்கம் வடிந்த பிறகும் பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம். அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

இன்சுலின் உங்கள் கண்ணைக் கெடுத்ததா?

நீங்கள் கண்ணால் கண்டதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். இன்சுலின் போட்டதும் நூல் கோர்க்க முடியவில்லை, நிறுத்தியதும் முடிந்தது. இரண்டும் உண்மை. அதற்கு நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம்தான் தவறு.

நம்முடைய இயற்கை லென்ஸ் சர்க்கரைக்கு ஏற்றபடி நீரை வாங்கிக்கொண்டு உருவம் மாறும். ரத்தச் சர்க்கரை வாரக்கணக்கில் ஏறியே இருந்தால் பெரும்பாலும் கிட்டப்பார்வைப் பக்கம் பவர் நகரும். அதாவது தூரத்தில் வரும் பஸ் எண் மங்கும், கைக்கு அருகில் இருக்கும் ஊசிக் காது கண்ணாடி இல்லாமலே தெரியும். சர்க்கரையைச் சட்டென்று இறக்கும்போது லென்ஸ் எதிர்ப்பக்கம் நகரும். கிட்டத்தில் இருப்பது மங்கிப்போகும். இந்தக் குழப்பம் சில வாரங்கள் இருந்துவிட்டுத் தானாகவே நின்றுவிடும். நீங்கள் அது நிற்கும்வரை காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த ஏற்ற இறக்கம் முழுக்க உங்கள் இடது கண்ணில் நடப்பது. வலது கண்ணில் வைத்திருப்பது செயற்கை லென்ஸ், சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் அது வீங்காது. ஊசி கோர்க்கும்போது நம்மையறியாமல் ஒரு கண்ணை இடுக்கிக்கொள்வோம். நீங்கள் மங்கலான வலது கண்ணை இடுக்கி இடது கண்ணால் கோர்த்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். ஆக, "இன்சுலினை நிறுத்தினதும் ஆபரேஷன் கண்ணு சரியாச்சு" என்று நீங்கள் எழுதியிருப்பது, அறுவை செய்யாத கண்ணில் சர்க்கரை கூடியதால் வந்த மாற்றம். பார்வை தேறியதற்கான அடையாளமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே 260 சர்க்கரை விழித்திரையின் ரத்தக்குழாய்களைச் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கும், அது வலிக்காது.

உங்களைப் போன்ற இரண்டாம் வகைச் சர்க்கரைக்காரர்களைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்று 1998-ல் வெளியானது. சர்க்கரையை இறுக்கமாக வைத்திருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. விழித்திரைக்கு லேசர் வைக்க வேண்டிய தேவை குறைந்ததுதான் அதில் பெரும்பங்கு. சர்க்கரை இறங்கியதே பலனுக்குக் காரணம். அந்த ஆய்வில் இன்சுலின் போட்டவர்களும் இருந்தார்கள்.

அதற்காக நாளைக்கே பழைய அளவில் ஊசியை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். நீங்களாகவே நிறுத்தியதைச் சர்க்கரை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், சர்க்கரையை மிக வேகமாக இறக்கும்போது முதல் சில மாதங்கள் அது கொஞ்சம் கூடிவிட்டுப் பிறகு அடங்குவது உண்டு. கண் மருத்துவர் எழுதுவதைச் சர்க்கரை மருத்துவரும், அவர் எழுதுவதைக் கண் மருத்துவரும் பார்த்தால் வேகத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்கள். ஒரே நோட்டில் இரண்டு பேரையும் எழுதச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கண்ணுக்கு அது சர்க்கரைக்குக் கொஞ்சமும் குறைந்த எதிரி இல்லை.

ஊசியை மறுபடி தொடங்கிய பிறகு மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டால் அது வேறு. சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துப் பரிசோதித்துப் பாருங்கள். சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுத் தைக்கும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும்.

லென்ஸ் நகர்ந்திருக்குமா?

அபூர்வமாக நகரும். ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அதற்குப் பொருந்தவில்லை. அதைவிட அடிக்கடி நடப்பது, லென்ஸைத் தாங்கியிருக்கும் மெல்லிய பை நாளடைவில் வெளுத்துப்போவது. "புரை திரும்ப வந்துடுச்சு" என்று ஜனங்கள் சொல்வது இதைத்தான். எடுத்த புரை திரும்ப வராது. பை வெளுத்திருந்தால் யாக் லேசர் என்ற சிகிச்சையில் சில நிமிடத்தில் நடுவில் ஒரு வழி திறந்துவிடுவார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் விழித்திரையில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்காமல் லேசருக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மங்கலுக்குக் காரணம் பின்னால் இருக்கும்போது முன்னால் வழி திறந்து பயனில்லை.

கண்ணாடி விஷயத்தில் உங்கள் பணம் வீணானதுதான் எனக்கு வருத்தம். அறுவைக் காயம் ஆறிப் பவர் நிலைக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். இரண்டாம் வாரத்தில் போட்ட கண்ணாடி நிற்காது. பிறகு மாற்றிய இரண்டும் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது எடுத்த அளவு. சர்க்கரை ஓரளவு ஒரே நிலையில் நான்கிலிருந்து ஆறு வாரம் நின்ற பிறகு, விழித்திரையையும் பார்த்த பிறகு, அளவெடுங்கள். அதுவரை நான்காவது கண்ணாடி வேண்டாம்.

தூரத்துக்கான சாதாரண லென்ஸ் வைத்திருந்தால், அறுவை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் பொடி வேலைக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி தேவைப்படும். முதல் நாள் ராகுகாலம் தெரிந்ததை வைத்துக் கண்ணாடியே வேண்டியிருக்காது என்று நினைத்திருப்பீர்கள். வெள்ளெழுத்து புரையோடு சேர்ந்து போய்விடுவதில்லை.

சொட்டு மருந்தும் தேனும்

அறுவைக்குப் பிறகு தருவது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு. படிப்படியாகக் குறைத்து நான்கிலிருந்து ஆறு வாரத்தில் முடிப்பது வழக்கம். மாதக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்குக் கண்ணின் நீர் அழுத்தம் ஏறும். ஏறுவது தெரியாது, பார்வை நரம்பு தேய்ந்த பிறகு தெரிந்து பயனில்லை. பழைய சீட்டைக் காட்டி இனி வாங்காதீர்கள். இப்போது விட்டுக்கொள்ளும் பாட்டிலை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டி, கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். உறுத்தலுக்குக் காரணம் வறட்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். அறுவைக்குப் பிறகும், சர்க்கரையிலும் கண் வறளும். லாரிப் புழுதியும் சேர்ந்துகொள்ளும். அதற்கு ஸ்டீராய்டு இல்லாத, கண்ணீர் போன்ற சொட்டு இருக்கிறது.

தேன், நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எதையும் விட வேண்டாம். அவற்றில் கிருமி இருக்கலாம். அறுவை செய்த கண்ணில், அதுவும் சர்க்கரைக்காரர் கண்ணில், அந்த விளையாட்டு ஆகாது. பக்கத்து வீட்டு அம்மா அன்போடுதான் சொல்கிறார், மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள்.

எங்கே போவது, என்ன எடுத்துக்கொண்டு போவது

அறுவை செய்த மருத்துவரிடமே முதலில் போவது நல்லது, அவர் கையில் உங்கள் பழைய அளவுகள் இருக்கும். மனம் ஒப்பவில்லை என்றால் வேறிடம் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம், கண் பிரிவு இருக்கிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது, ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். காலையிலேயே போய்விடுங்கள். "சர்க்கரை இருக்கிறது, கோடு நெளிகிறது, விழித்திரையைப் பார்க்க வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வெறுமனே "கண்ணு மங்கலா இருக்கு" என்றால் பவர் பார்க்கும் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

மகனையோ வேறு யாரையாவதோ உடன் அழைத்துப் போங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் வெயில் கூசும், கிட்டத்தில் எதுவும் தெரியாது. அன்றைக்கு யாருக்கும் துணி தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டாம்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பெறலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். கண் ஊசி தேவைப்பட்டால், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் செய்ய முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டுக் கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

மகன் சொல்லும் கேஸ் பற்றி: உங்கள் கடிதத்தில் அறுவையில் தவறு நடந்ததற்கான தடயம் எதையும் நான் பார்க்கவில்லை. வீக்கம், பை வெளுப்பது, வறட்சி எல்லாம் சரியாகச் செய்த அறுவைக்குப் பிறகும் வரக்கூடியவை. அறுவைக்கு முன் விழித்திரையைப் பார்த்தார்களா, சர்க்கரை இருப்பதால் என்னென்ன நடக்கலாம் என்று சொன்னார்களா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சீட்டும், உள்ளே வைத்த லென்ஸின் பெயரும் பவரும் ஒட்டிய அட்டையும் முக்கியம், எந்த மருத்துவர் பார்த்தாலும் அவை தேவைப்படும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. இப்போது மகன் எடுக்க வேண்டிய லீவு ஆஸ்பத்திரிக்கு உங்களை அழைத்துப் போவதற்கு.

இடது கண்ணும் தையல் வேலையும்

இடது கண்ணுக்கு அறுவை செய்யலாம், இப்போது வேண்டாம். வலது கண்ணில் என்ன என்று தெரிந்து, வீக்கம் இருந்தால் அதை வடிய வைத்து, சர்க்கரையைப் பிடிக்குள் கொண்டுவந்து, அதன் பிறகு. 260-ல் அறுவை செய்தால் கிருமித் தொற்றுக்கும் விழித்திரை வீக்கத்துக்கும் வழிவிட்ட மாதிரி. அதே சமயம், புரை நன்றாக முற்றட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. புரை கெட்டியானால் பின்னால் இருக்கும் விழித்திரையை நாங்கள் பார்க்க முடியாது. சர்க்கரைக்காரர் கண்ணில் அது எங்களைக் குருட்டுத்தனமாக வைத்தியம் பார்க்க வைக்கும்.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். தினமும் காலையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணால் ஜன்னல் கம்பியையோ கதவு விளிம்பையோ பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். நேராக இருக்கிறதா, நெளிகிறதா, நடுவில் மறைக்கிறதா என்று நோட்டில் எழுதி, பக்கத்திலேயே அன்றைய சர்க்கரை அளவையும் குறியுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். அந்த நோட்டு மருத்துவருக்கு ஓசிடிக்கு அடுத்தபடி உதவும்.

தைப்பதால் கண் கெடாது. வேலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போடும் உருப்படிகளைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள், அடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்தால் விளிம்பு தெரியும். மேலே எரியும் டியூப் லைட் போதாது, ஊசி விழும் இடத்தில் படுகிற மாதிரி வளையும் தண்டு விளக்கு ஒன்றைப் பொருத்துங்கள். நூல் கோர்க்க வைர வடிவக் கம்பி வைத்த சின்னத் தகடு ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும். கொக்கி கட்டுவது, காஜா எடுப்பது போன்ற பொடி வேலையைக் கொஞ்ச நாளைக்கு வேறு யாரிடமாவது கொடுத்து வாங்குங்கள். பண்டிகை ஆர்டரை இந்த முறை பாதியாக ஒத்துக்கொள்ளுங்கள்.

சாலை கடக்கும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டு கண்ணுக்கும் பவர் ஒத்துப்போகாதபோது தூரத்தைக் கணிக்கும் திறன் குறையும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி எவ்வளவு தள்ளி வருகிறது என்பதைக் கண் தப்பாகச் சொல்லும். சிக்னலில் நான்கு பேரோடு சேர்ந்து கடந்து போங்கள்.

கண்ணில் கடும் வலி, சிவப்பு, சீழ், பார்வை மளமளவென்று குறைவது, மின்னல் வெட்டுவது போல ஒளி, புதிதாகக் கறுப்புப் புள்ளிகள் கொட்டுவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல மறைப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல், ராத்திரியாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

பரிசோதனை முடிந்ததும் ஓசிடி அறிக்கையில் எழுதியிருப்பதையும், கண் அழுத்த அளவையும், புதிதாக எடுத்த மூன்று மாதச் சராசரியையும் எனக்கு எழுதுங்கள் அம்மா. இடது கண்ணுக்கு எப்போது தேதி குறிப்பது என்பதை அதை வைத்துப் பேசுவோம்.